வெற்றுக்கலமும் பூச்சியமும்

எண்ணிக் கணக்கு வைப்பது நல்லதா, எண்ணாமல் விட்டுவிடுவது நல்லதா? கேட்பதற்கு இது பெரிய தத்துவக்காரர்களின் கேள்வி போலத் தோன்றலாம். எனக்கு இந்தக் கேள்வி வந்தது எங்கள் வீட்டு வளவில் நட்ட வெண்டியிலிருந்தும், என் மகள் கணினியில் போட்டுத் தந்த ஓர் அட்டவணையிலிருந்தும்தான். நான் தத்துவம் படித்தவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்று, கிழக்கின் கரையோரக் கிராமமொன்றில் கணிதமும் இடைக்கிடை விவசாயமும் படிப்பித்து வருபவன். ஆதலால் கேள்வியை அது முளைத்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டு போகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அந்த ஜூனில் அமைச்சரவை தீர்மானித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தது. சம்பளமோ இருந்த இடத்தில் இருந்தது. சந்தைக்குப் போனால் பையின் அடியே நிரம்பாமல் திரும்பிவர வேண்டிய காலம். நானும் மண்வெட்டியை எடுத்தேன்.

எங்கள் வீட்டின் பின்னால் ஏறத்தாழ எட்டுப் பேர்ச் வெறும் மணல் நிலம் கிடந்தது. அதில் பத்தடி நீளமும் மூன்றடி அகலமுமாகப் பன்னிரண்டு பாத்திகள் கட்டினேன். மாட்டெருவும் காய்ந்த இலைகுழையும் போட்டு மணலை மண்ணாக்கப் பார்த்தோம். முதல் நடுகையில் எனக்கிருந்த ஆர்வத்தில் ஒரே நாளில் அறுபது வெண்டி விதைகளை ஊன்றிவிட்டேன். ஏழு வாரம் கழித்து வெண்டி காய்க்கத் தொடங்கியது. அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு கறியே இல்லை. வெண்டிக்காய் காத்திருக்கும் பண்டமல்ல. பூ விரிந்து ஒரு வாரத்துக்குள் பறிக்காவிட்டால் நார் பற்றி விறகாகிவிடும். பாதி காய்கள் அப்படித்தான் போயின. அது முடிந்ததும் ஒரு மாதம் ஒன்றுமேயில்லை.

அப்பொழுது என் மகள் பத்தாம் தரம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இலத்திரனியல் விரிதாள் படித்துக்கொண்டிருந்தாள். "வாப்பா, இத கணக்குப் போட்டு நடலாமே" என்று சொல்லி, பழைய மடிக்கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்தாள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு நிரை. பயிர், விதைத்த திகதி, காய்க்க எடுக்கும் நாட்கள், முதல் அறுவடைத் திகதி, பறித்த நிறை, செலவு என்று நிரல்கள். விதைத்த திகதியோடு நாட்களைக் கூட்டினால் பறிக்கவேண்டிய திகதியை அதுவே சொல்லிவிடும். அறுபது விதையை ஒரே நாளில் ஊன்றுவதற்குப் பதிலாக, பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வாரத்துக்கொருமுறை ஊன்றச் சொன்னது அந்த அட்டவணைதான். கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் பாத்தியில் மற்றதை நட்டால் மண்ணில் தங்கிய நோய் அதையும் பிடிக்கும். இதை நான் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். என் வளவில் அதைக் கடைப்பிடிக்க வைத்தது, சென்ற போகத்தில் எந்தப் பாத்தியில் என்ன நின்றதென்பதை மறவாமல் வைத்திருந்த அந்தக் கணினிதான். கத்தரி நின்ற இடத்தில் பயற்றை, பயற்றை நின்ற இடத்தில் கீரை என்று மாறி மாறி வந்தது.

இந்த விரிதாள் பிறந்த கதை ஆசிரியர்களுக்கு உவப்பானது. 1978 அளவில் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் டான் பிரிக்ளின் என்றொரு மாணவர் இருந்தார். விரிவுரையாளர் கரும்பலகையில் ஓர் அட்டவணையைப் போட்டுக் கணக்குச் செய்கிறார். ஓர் எண் பிழைத்தாலோ மாறினாலோ, அதைத் தொடர்ந்து வரும் அத்தனை எண்களையும் அழித்து அழித்து எழுதவேண்டியிருக்கிறது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் கரும்பலகையொன்று இருந்தாலென்ன என்று அந்த மாணவர் நினைத்தார். பொப் ஃபிராங்ஸ்டன் என்பவரோடு சேர்ந்து அவர் ஆக்கிய விசிகல்க் 1979இல் அப்பிள் இரண்டு கணினிக்காக வெளிவந்தது. இருபது வருடமாகச் சோக்குத்தூள் தின்றவன் என்ற முறையில், அந்தக் கரும்பலகையின் அருமை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், எண்ணுவதற்கு எதிராக எழுதுபவனாக என்னை யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே. எழுத்தாளர்களில் ஒரு சாராருக்கு எண் என்றாலே ஒவ்வாமை. கணக்குப் பார்ப்பவனை இதயமில்லாதவனாகக் காட்டுவது நமது கதைகளில் ஒரு வாடிக்கையாகிவிட்டது. ஆனால் கணக்கு எப்போதும் வலியவனின் கருவியல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரா நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீடு பற்றிய கணக்குகளே. விதவைக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடன் போக மீதி எவ்வளவு என்று எண்ணிச் சொல்லாவிட்டால் அந்தப் பங்கை யார் விழுங்கியிருப்பார்கள் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

முதல் ஒரு வருடத்துக்கு எனக்கு அந்த அட்டவணையில் குறையொன்றும் தெரியவில்லை. ஒரேயொரு முறை மகள் என்னைத் திருத்தினாள். பறிக்காத நாட்களுக்கு நான் பூச்சியம் என்று பதிந்து வைத்திருந்தேன். "வாப்பா, பறிக்காத நாளைக்குப் பூச்சியம் போடாதீங்க. வெறுமையா உடுங்க. பூச்சியம் போட்டா சராசரி குறைஞ்சிரும்" என்றாள். செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. மொத்தக் கூட்டுத்தொகைக்கு வெற்றுக்கலமும் ஒன்றுதான், பூச்சியமும் ஒன்றுதான். சராசரிக்கு அப்படியல்ல. வெற்றுக்கலத்தை அது கணக்கில் எடுப்பதேயில்லை; பூச்சியத்தையோ ஒரு பெறுமானமாக எடுத்துக்கொள்கிறது. அதாவது வெறுமை என்றால் 'இங்கே பார்க்கப்படவில்லை' என்று பொருள். பூச்சியம் என்றால் 'பார்த்தோம், ஒன்றுமில்லை' என்று பொருள். நல்ல கணிதப் பாடம் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு, மறுவாரம் வகுப்பிலும் அதைச் சொன்னேன். அந்தப் பாடம் எனக்கே திரும்பி வருமென்று அன்று தெரியவில்லை.

2023 ஜூன் முடிவில் ஒரு வருடக் கணக்கை மூடினோம். பறித்தது மொத்தம் 186 கிலோ. வீட்டில் சமைத்தது 118. கடைக்குக் கொடுத்து விற்றது 27. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது 41. கூட்டுத்தொகை சரியாக வரவேண்டும் என்பதற்காகத்தான் 'கொடுத்தது' என்றொரு நிரலைச் சேர்த்திருந்தேன். யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் மகள் ஒழுங்காகப் பதிந்திருந்தாள். அதனால் 41 கிலோவில் 17 கிலோ மேற்குப் பக்கத்து வீட்டுக்கு மட்டும் போயிருக்கிறதென்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

அந்த வீட்டு ராத்தா என் மனைவியைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் கடற்றொழில் செய்தவர். இப்போது முடியாமல் வீட்டோடு இருக்கிறார். வேலிக்கு மேலால் தலை தெரியும். "மாஸ்டர், நாலு கொச்சிக்கா இரிக்குமா?" என்பார். கொடுப்போம். இது வருடக்கணக்காக நடப்பது. அந்த 17 என்ற எண்ணைப் பார்த்த பிறகு அவர் வேலியருகே வந்தபோது, என் மனதில் என்னையறியாமல் ஓர் எண்ணம் ஓடியது: 'இது இந்த மாதத்தில் நாலாவது தடவை.' கொச்சிக்காயைப் பறித்துக் கொடுத்தேன். ஆனால் கொடுத்த கையில் ஏதோ ஒரு இறுக்கம் இருந்திருக்கவேண்டும். அதன்பின் மூன்று வாரம் ராத்தா வேலிக்கு வரவில்லை. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கிறது.

மனைவிதான் அதைக் கவனித்தாள். "மேற்குப் பக்கத்து ராத்தா ஏன் வாறல்ல?" என்று கேட்டாள். நான் அட்டவணையைக் காட்டினேன். பெருமைக்காகத்தான் காட்டினேன் என்று நினைக்கிறேன். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உம்மா படுக்கையில கிடந்த எட்டு மாசம் இதுல எங்க இரிக்கி?"

2016இல் என் மாமி பாரிசவாதத்தில் விழுந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதற்கும் கழுவித் துடைப்பதற்கும் தினமும் காலையில் வேலியைக் கடந்து வந்தவர் அந்த ராத்தாதான். அதற்கு ஒரு நிரையும் இல்லை. எப்படி இருக்கும்? என் அட்டவணை தொடங்கியது 2022 ஜூலையில். கடைக்காரன்கூடப் புதுக்கொப்பி தொடங்கும்போது பழைய கொப்பியின் மீதியை முதல் வரியில் எழுதிக்கொள்வான். நான் ஆரம்ப மீதி இல்லாமல் ஒரு மனுசியோடு கணக்குத் திறந்திருக்கிறேன்.

வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாதென்று சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த உபதேசத்தை நான் எப்போதும் பிறர் முன் பெருமையடிப்பதற்கு எதிரான எச்சரிக்கையாகவே விளங்கி வைத்திருந்தேன். அதில் பிறர் என்ற பேச்சே இல்லை. இரண்டு கையும் ஒருவனுடையவை. கொடுத்தவன் தனக்குத் தானே அறிவித்துக்கொள்வதையும் அது தடுக்கிறது. நான் கொடுத்ததை எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் இடது கைக்குக் கிராம் கணக்கில் அறிவித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே அந்த நிரலை அழித்துவிடத் தீர்மானித்தேன். 'அன்பை எண்ணக்கூடாது' என்றொரு முடிவுக்கு வந்து, அந்த முடிவில் மிகவும் திருப்தியாகவும் இருந்தேன். இக்கட்டுரை அந்த இடத்தில் முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அது இரண்டு நாள்தான் நீடித்தது.

வருடக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டுவதென்று அதிபரிடம் சொல்லியிருந்தேன். எல்லோரும் தோட்டம் செய்ய ஒரு தூண்டுதலாக இருக்குமென்பது எண்ணம். பறித்த மரக்கறியைச் சந்தை விலைக்குப் போட்டால் 58,400 ரூபாய். விதை, எரு, வலை, கம்பி எல்லாம் சேர்த்துச் செலவு 16,150. இலாபம் 42,250. கொட்டை எழுத்தில் போட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நெலத்துக்கு என்ன போட்டிரிக்கீங்க?"

"பூச்சியம். சொந்த நிலந்தானே."

"தண்ணிக்கு?"

"பூச்சியம். மோட்டர் போடல்லயே."

"அப்ப எனக்கு?"

அதற்கு ஒரு நிரல்கூட இருக்கவில்லை. 'கூலி' என்ற நிரலில் ஒரு பூச்சியம் இருந்தது. அது அவளுக்காகவும் சேர்த்துத்தான் போடப்பட்டிருந்தது.

சொந்த நிலம் என்றேன். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதப்படும். கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிவருவான். நானும் அப்படி வந்தவன். அந்த எட்டுப் பேர்ச்சும் அவளுடைய உம்மா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. அதை நான் 'சொந்த நிலம்' என்றும், சொந்தமென்பதால் 'பூச்சியம்' என்றும் பதிந்திருக்கிறேன்.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் ஏறத்தாழ 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் அதன்மேல் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. ஆகவே தோட்டத்துக்கு மோட்டர் போடுவதில்லையென்று தீர்மானித்தோம். 'தீர்மானித்தோம்' என்று எழுதுகிறேன், தீர்மானித்தது நான். நான் பாடசாலை போய்விடுவேன். பின்னேரம் வகுப்பு இருக்கும். கிணற்றில் அள்ளி ஊற்றியது அவள். மணல் நிலம் தண்ணீரைத் தங்கவிடாது. பன்னிரண்டு பாத்திக்கும் ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் வாளியால் நாற்பது வாளி. நாற்பது வாளிக்கு ஒரு மணியும் இருபது நிமிடமும். மாரி நாட்களைக் கழித்துவிட்டால் வருடத்தில் 230 நாள். 306 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் 38 நாட்கூலி. அப்போது எங்களூரில் தோட்ட வேலைக்குப் பெண்ணுக்குக் கொடுத்தது நாளைக்கு 1,500 ரூபாய். மொத்தம் 57,000. அதைப் போட்டவுடன், கரும்பலகையில் ஒரு மூலையில் மாற்றிய எண் மற்ற மூலையை மாற்றும் அந்த அதிசயம் நடந்தது. 42,250 இலாபம் 14,750 நட்டமாக மாறியது.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. "வீட்டு வேலைக்கும் கூலி பாக்கிறதா? பாசத்தால செய்றதுக்கெல்லாம் கணக்கா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாளுக்கு முன் நான் கண்டுபிடித்த அதே தத்துவந்தான் அது. அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் கூலி கேக்கல்ல. பூச்சியம் எண்டு போடாதீங்க எண்டுதான் சொல்றன்."

மகள் பேசாமல் இருந்தாள். அவள் எனக்குச் சொல்லித் தந்த பாடம்தான் அது. கூலி நிரல் வெறுமையாக இருந்திருந்தால் 'இது இங்கே பார்க்கப்படவில்லை' என்ற நேர்மையாவது அதில் இருந்திருக்கும். நான் போட்டது பூச்சியம். பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

இது என் வீட்டுக் குற்றம் மட்டுமல்ல என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். நாடுகளின் உற்பத்தியைக் கணக்கிடுவதற்கு ஐக்கிய நாடுகள் சபை வகுத்த தேசிய கணக்கு முறைமையில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டாரே உண்பதற்காக வளவில் விளைவித்த கத்தரிக்காய் உற்பத்தி என்ற எல்லைக்குள் வருகிறது. அந்தக் கத்தரிக்காயை வெட்டிச் சமைத்து வீட்டாருக்குக் கொடுக்கும் கூலியில்லா வேலை எல்லைக்கு வெளியே நிற்கிறது. காய்வரைக்கும் கணக்கு, அடுப்போடு முடிந்துவிடும். நியூசிலாந்தின் மெரிலின் வேரிங் 1988இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். நமது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் 2017இல் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நேரப் பயன்பாட்டு மதிப்பீடொன்றை நடாத்தியது. பெரிய பெரிய கணக்குகளிலும் வெற்றுக்கலம் நிறைய இருந்திருக்கிறது.

இப்போது என் சிக்கலைப் பாருங்கள். ராத்தாவுக்குக் கொடுத்ததை எண்ணியது தவறு. மனைவியின் உழைப்பை எண்ணாதது தவறு. இரண்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. ஆனால் எந்த விதியின்படி? அன்பினால் செய்வதை எண்ணக்கூடாது என்றால், கிணற்றில் அள்ளியதும் அன்பினால்தான். ஆகவே பூச்சியம் சரியாகிவிடும். எல்லாவற்றையும் எண்ணவேண்டும் என்றால், நாலு கொச்சிக்காயும் கணக்கில் வரவேண்டும். ராத்தா வேலிக்கு வராமலிருந்ததும் சரியாகிவிடும். காசு கைமாறியதை மட்டும் எண்ணு என்றால், அது முதலாவது விதியையே வேறு உடுப்பில் கொண்டுவருவது. கணித ஆசிரியன் ஒருவனுக்கு, விடை தெரிந்து செய்முறை தெரியாத நிலைமையைப் போல அவஸ்தை வேறில்லை.

பல மாதம் கழித்துத்தான் எனக்கொன்று பட்டது. எதை எண்ணுவது என்று கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, யார் எண்ணுவது என்று கேட்கவில்லை. ராத்தா விடயத்தில் நான் கொடுத்தவன். மனைவி விடயத்தில் நான் பெற்றவன். கொடுத்ததை எழுதி வைத்தேன், பெற்றதை எழுதாமல் விட்டேன். இரண்டு தவறும் ஒரே தவறுதான். என் பேனா எப்போதும் எனக்குச் சாதகமான பக்கத்திலேயே ஓடியிருக்கிறது. கொடுத்தவன் மறக்கலாம். பெற்றவன் மறக்கக்கூடாது. ராத்தா செய்த எட்டு மாதத்தை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவர் மறந்தது பெருந்தன்மை. அதை நான் மறந்தால் அதற்குப் பெயர் வேறு.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். என் நண்பரொருவர், அவரும் ஆசிரியர், இரண்டையும் என்னிடம் கேட்டார். முதலாவது: கொடுப்பவர் மறந்துகொண்டே இருக்கவேண்டுமென்றால், கொடுக்கிறவரின் தலையில் மிளகாய் அரைக்க அது வழிசெய்யாதா? நியாயமான கேள்வி. என் மனைவி பதினெட்டு வருடமாக எண்ணாமல்தான் இருந்தாள். அதை நான் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன். ஆகவே மறதி கொடுப்பவரின் உரிமையே தவிர கடமையல்ல என்று திருத்திக்கொள்கிறேன். தான் கொடுத்ததைத் தான் மறக்கலாம். 'நீ கொடுத்ததை நீ மற' என்று இன்னொருவருக்குச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை, பெற்றவருக்கு அறவேயில்லை. "பாசத்துக்குக் கணக்கா?" என்று நான் கேட்டது அந்த அதிகாரமில்லாத கட்டளைதான்.

இரண்டாவது: பெற்றவர் எண்ணிக்கொண்டே இருந்தால் அது கடனாகிவிடாதா? திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் அவசரம் வந்துவிடாதா? இதற்கு விடை நமது வீடுகளின் பாத்திரங்களில் இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஏதும் வந்த கோப்பையை நம் வீட்டுப் பெண்கள் வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். அதேவேளை அன்றைக்கே, அதே பெறுமதிக்கு அனுப்பவும் மாட்டார்கள். அப்படி அனுப்பினால் 'உன் உறவு வேண்டாம்' என்று சொன்னதாகிவிடும். கோப்பை நாலு நாள் நம் வீட்டில் இருக்கும். பிறகு சற்றுக் கூடவோ குறையவோ ஏதோ ஒன்றோடு போகும். கணக்கு ஒருநாளும் சமப்படாது. ஆனால் கோப்பை யாருடையதென்பதை ஒருவரும் மறப்பதில்லை. பெற்றவர் எண்ணுவது தீர்ப்பதற்காகவல்ல, தெரிந்திருப்பதற்காக.

தெரிந்த பிறகு சும்மா இருக்கமுடியாது என்பதும் உண்மை. நாற்பது வாளியென்று எண்ணிய பிறகு அந்த எண் என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது சுபஹுக்குப் பிறகு இருபது வாளி என்னுடையது. பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டதில் நாற்பது வாளி இருபத்தெட்டாகக் குறைந்தது. அதாவது மண்ணை மூடினால் ஈரம் தங்குமென்று விவசாய பாடத்தில் வருடாவருடம் சொல்லிக்கொடுக்கும் நான், தண்ணீர் 'பூச்சியம்' விலையாக இருந்த ஒரு வருடம் முழுவதும் அதைச் செய்து பார்க்கவில்லை. இலவசமென்று நினைப்பதை எவரும் மிச்சம் பிடிப்பதில்லை.

2025 மார்ச் 15ஆம் திகதி நாடெங்கும் பயிர்களை அழிக்கும் பிராணிகளை எண்ணினார்கள். காலை எட்டு மணியிலிருந்து எட்டு மணி ஐந்து நிமிடம் வரை, அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதவேண்டும். நானும் படிவத்தோடு நின்றேன். ஒரு மயில் வந்தது. ஆனால் எங்கள் வேலிக்கும் ராத்தாவின் கூரைக்கும் இடையில் இருந்த முருங்கைக் கொப்பில் உட்கார்ந்தது. மரம் அவர்கள் பக்கம், கொப்பு எங்கள் பக்கம். "மாஸ்டர், இது உங்கட மயிலா எங்கட மயிலா?" என்று ராத்தா அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். இருவரும் சிரித்தோம். "நீங்களே எழுதுங்க ராத்தா" என்றேன். அவர் மீண்டும் வேலிக்கு வரத் தொடங்கி அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதற்கு முதல் நாள் ஒன்றில், மனைவி சொல்லி, ஒரு கூடை பயற்றங்காயோடு அவர் வீட்டுக்கு நானே போனேன். மன்னிப்பு என்ற வார்த்தை அங்கே பேசப்படவில்லை. தேநீர் தந்தார்கள்.

அட்டவணை இன்றும் இருக்கிறது. 'கொடுத்தது' நிரல் இல்லை. அதனால் பறித்த நிறையும், சமைத்தது விற்றது என்ற இரண்டின் கூட்டும் பொருந்துவதில்லை. ஒவ்வொரு வருடமும் நாற்பது ஐம்பது கிலோ வித்தியாசம் வருகிறது. அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் எழுதவேண்டாமென்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். 'பெற்றது' என்றொரு நிரல் புதிதாக வந்திருக்கிறது. நிலம் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக என் மனைவியின் பெயர் இருக்கிறது. தண்ணீர் வாளிகள் இரண்டு நிரல்களில், யார் எத்தனை என்று பதியப்படுகின்றன. பெற்றோர் கூட்டத்தில் இலாபத்தைக் காட்டாமல் நட்டத்தைக் காட்டினேன். சில தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தகப்பன்மார் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

இக்கட்டுரையின் முதற்பிரதியை மகளிடம்தான் தட்டச்சுச் செய்யக் கொடுத்தேன். அவள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். முழுவதையும் அடித்து முடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"வாப்பா, மூணு வருசமா இந்தக் கணக்கையெல்லாம் ஒவ்வொரு நாளும் பதிஞ்ச நேரம் எந்த நிரல்ல வருது?"